ஒரே ஒரு கிண்ணம்

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்கள் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார். பிறரை எள்ளுதல், இளமை, பேதைமை, மடமை என்பன அவை. இந்நான்கனுள் இளமையும் ஒன்றாக எண்ணப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. இளமை தன்னளவிலேயே நகைப்புக்குரியது என்பது அப்பேராசானின் துணிபு. மது அருந்தி நிலைதவறிய இளைஞன் ஒருவனை இவ்விலக்கணத்தின் முன்னே நிறுத்திப் பார்த்தால், நான்கும் ஒருங்கே அவனிடம் குடிகொண்டிருத்தலைக் காணலாம். அவன் இளையவன், அறிவை விலை கொடுத்து விற்றவன், தான் செய்வது இன்னதென்று அறியாதவன், ஊரார் எள்ளுதற்கு உரியவன். ஆகவேதான் குடித்த இளைஞனைக் கண்டு உலகம் ஈராயிரம் ஆண்டுகளாகச் சிரித்து வந்திருக்கிறது.

அச்சிரிப்பின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். புனே நகரத்தில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வாராய்ச்சியில் ஒரு தனி உரிமை உண்டு. குடியைப் பற்றிய மிகப் பழைய நகைச்சுவை நாடகங்களுள் ஒன்று நம் காஞ்சி மாநகரில் பிறந்தது; குடியைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற மராத்தி நாடகமோ இப்புனேயில் கல்வி பயின்ற ஒருவரின் எழுதுகோலில் பிறந்தது.

முதலில் நம் பண்டையோரை நோக்குவோம். சங்கச் சான்றோர் கள்ளை இழிவாகக் கருதியவரல்லர். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்துபட்டபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டில், சிறிதளவு கள் கிடைத்தால் அவன் அதனைத் தமக்கே அளித்துவிட்ட பெருந்தன்மையும், பெருமளவு கிடைத்தால் தாம் பாட அவன் உடனிருந்து மகிழ்ந்த நட்பும் நினைவு கூரப்படுகின்றன. ஆங்குக் கள் என்பது கொடையின் அளவுகோலாக நின்றதேயன்றி, நகைப்பின் பொருளாக நிற்கவில்லை.

நகைப்பைத் தொடங்கி வைத்தவர் வள்ளுவர் எனலாம். கள்ளுண்ணாமை அதிகாரத்தை அறவுரை என்று மட்டுமே பள்ளியில் படித்துவிட்டோம். அதனைச் சற்று நிதானமாகப் படிப்பார்க்கு அதனுள் ஒரு கேலிச்சித்திரக்காரர் ஒளிந்திருப்பது புலனாகும். கையிலுள்ள பொருளைக் கொடுத்து அதற்கு ஈடாக மயக்கத்தை வாங்கும் வணிகன் ஒருவனை அவர் காட்டுகிறார். ஒளித்துக் குடித்துவிட்டுக் கண்சாய்ந்து வருபவனின் உள்விவகாரத்தை அறிந்து நகும் ஊராரைக் காட்டுகிறார். நான் குடித்தறியேன் என்று சொல்பவனின் வாயிலிருந்து, குடித்த அப்போதே உண்மையெல்லாம் தாமாக வெளிவருதலைக் காட்டுகிறார். அனைத்துக்கும் மேலாக, களித்தவனுக்குக் காரணம் காட்டித் திருத்த முயல்பவனை, நீருக்குள் மூழ்கியவனைத் தீவட்டி கொளுத்திக்கொண்டு தேடுபவனுக்கு ஒப்பிடுகிறார். நள்ளிரவில் தள்ளாடி வந்த மகனிடம் அப்பொழுதே அறவுரை தொடங்கும் தந்தையர் இக்குறளை நினைவிற்கொள்வது நலம்!

இனி, இதிகாசங்களுக்குள் செல்வோம். இளைஞர் கூட்டம் ஒன்று குடித்துக் களித்த காட்சிகளுள் மிகச் சுவையானது வான்மீகியாரின் சுந்தர காண்டத்தில் வரும் மதுவனக் காட்சியே. சீதையைக் கண்ட செய்தியோடு அனுமனும் அங்கதனும் ஏனைய வானர வீரரும் தென்திசையிலிருந்து மீள்கின்றனர். வழியில் சுக்கிரீவனுக்குரிய மதுவனம் எதிர்ப்படுகிறது. இளவரசனாகிய அங்கதன் இசைவு தருகிறான். பிறகு கேட்க வேண்டுமா? ஒருவர் பாடுகின்றனர், ஒருவர் ஆடுகின்றனர், ஒருவர் காரணமின்றிச் சிரிக்கின்றனர், ஒருவர் காரணமின்றி அழுகின்றனர். சிலர் மரத்துக்கு மரம் தாவி விழுகின்றனர். தடுக்க வந்த காவலன் ததிமுகன், மன்னனின் மாமன் என்ற முறையும் பாராது அடிபடுகிறான். அவன் ஓடிச்சென்று சுக்கிரீவனிடம் முறையிடும்போது ஒரு வியப்பு நிகழ்கிறது. மன்னன் சினவாமல் மகிழ்கிறான். போன காரியம் கைகூடாதிருந்தால் என் வனத்தை அழிக்கும் துணிவு இவர்களுக்கு வந்திராது. ஆகவே சீதை காணப்பட்டாள் என்று அவன் உய்த்துணர்கிறான். உழைத்து வென்ற இளைஞரின் ஒரு நாள் ஆரவாரத்தைப் பெரியவர் ஒருவர் புன்னகையோடு பொறுத்துக்கொண்ட காட்சி இது.

கம்பநாடரும் இச்சுவையில் குறைந்தவரல்லர். பாலகாண்டத்து உண்டாட்டுப் படலத்தில், மிதிலைக்குச் செல்லும் வழியில் மதுவுண்டு மயங்கிய மங்கை ஒருத்தி, தன் கிண்ணத்துள் வெண்மதியின் நிழலைக் காண்கிறாள். வானத்துப் பாம்புக்கு அஞ்சி இங்கு வந்து ஒளிந்தாய் போலும், அஞ்சாதே, அபயம் தந்தேன் என்று அம்மதிக்கு ஆறுதல் கூறுகிறாள். இதனினும் மென்மையான நகைச்சுவையைக் காண்டல் அரிது. ஆயின் அதே கம்பர், கிட்கிந்தைப் படலத்தில், கார்காலம் கழிந்தும் மதுமயக்கில் வாக்கை மறந்து கிடந்த சுக்கிரீவனைக் காட்டுகிறார். இலக்குவனின் சினத்தால் விழித்தெழுந்த அவ்வரசன், தாய் யார் மனைவி யார் என்னும் தெளிவையும் கெடுப்பது கள் என்று தன்னையே நொந்து கொள்கிறான். மதியின் நிழலோடு பேசிய மயக்கத்துக்கும் நண்பனுக்கு அளித்த வாக்கை மறந்த மயக்கத்துக்கும் இடையே உள்ள தொலைவு அதிகமன்று என்பதைக் கம்பர் அறிந்திருந்தார்.

அத்தொலைவு எவ்வளவு குறுகியது என்பதைப் பாரதத்தின் மௌசல பருவம் உணர்த்துகிறது. துவாரகையின் யாதவ இளைஞர்கள் சாம்பனுக்குக் கருவுற்ற பெண்ணின் வேடமிட்டு, இவளுக்கு என்ன குழந்தை பிறக்கும் என்று முனிவர்களிடம் கேட்டுக் குறும்பு செய்தனர். விடையாகச் சாபம் கிடைத்தது. அச்சாபத்துக்கு அஞ்சி, நகருக்குள் யாரும் மது வடித்தல் ஆகாது, மீறினால் கழுவேற்றம் என்று முரசறையப்பட்டது. மதுவிலக்குச் சட்டங்களுள் மிகக் கடுமையானது இதுவே போலும்! எனினும் பிரபாச தீர்த்தக் கரையில் யாதவர் கூடியபோது மது பெருகிற்று, பழங்கதை பேசினர், கேலி பேசினர், கேலி வசையாயிற்று, வசை கொலையாயிற்று. மாலைக்குள் குலமே அழிந்தது. மதுவனத்தில் நிகழ்ந்ததும் பிரபாசத்தில் நிகழ்ந்ததும் தொடக்கத்தில் ஒன்றே. இளைஞர், மது, கேலி, ஆரவாரம். முடிவு மட்டும் வேறு. எம்முடிவு வாய்க்கும் என்பதைக் கிண்ணத்தைக் கையிலெடுப்பவன் முன்கூட்டியே அறிதல் இயலாது.

கற்பனைக் காவியங்களை விடுத்து நாடக மேடைக்கு வருவோம். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், குடைவரைக் கோயில்களை எடுத்த கலைஞன். 'மத்தவிலாச பிரகசனம்' என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தின் ஆசிரியனும் ஆவான். பல நூற்றாண்டுகள் கேரளத்துச் சுவடிகளில் உறங்கிய இந்நாடகத்தைத் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரியார் 1917ஆம் ஆண்டில் பதிப்பித்து உலகறியச் செய்தார். சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையுடன் காஞ்சித் தெருக்களில் தள்ளாடி வருகிறான். நாக்குழறி அவள் பெயரைச் சோமதேவை என்று மாற்றிச் சொல்லிவிடுகிறான். யார் அவள் என்று அவள் சினக்கிறாள். எல்லாம் மதுவின் குற்றம், இன்றோடு விட்டேன் என்று அவன் சூளுரைக்க, என்பொருட்டு உம் தவத்தைக் கெடுத்துக் கொள்ளாதீர் என்று அவளே தடுக்கிறாள்! கள்ளுக்கடை அவன் கண்ணுக்கு வேள்விச்சாலையாகவும், குடிகாரர் வேள்வி செய்யும் அந்தணராகவும் தோன்றுகின்றனர். தன் பிச்சைப் பாத்திரமாகிய மண்டையோட்டைக் காணாமல், எதிரே வந்த பௌத்த பிக்குவைத் திருடன் என்று பற்றிக் கொள்கிறான். உண்மையில் அதனைக் கவ்விச் சென்றது ஒரு நாய். அதனிடமிருந்து அதனைக் கைப்பற்றி வருபவனோ ஒரு பித்தன்.

இந்நாடகத்தின் நுட்பம் ஒன்றைக் கருத வேண்டும். மகேந்திரன் குடியனை மட்டும் நகையாடவில்லை. மதுவுக்கு மனத்துள் ஏங்கிக்கொண்டே வெளியே துறவு பேசும் பிக்குவையும், வழக்கைத் தீர்க்க வந்து குழப்பும் பாசுபதனையும் சேர்த்தே நகையாடுகிறான். குடியன் தடுமாறுவது காலில். ஏனையோர் தடுமாறுவது ஒழுக்கத்தில். கேரளத்துக் கூடியாட்டக் கலைஞர் இந்நாடகத்தைப் போற்றிக் காத்தமை நம் நன்றிக்குரியது.

இனி நாம் வாழும் ஊருக்கு வருவோம். 1908ஆம் ஆண்டில் புனே நகரத் தெருக்களில் ஒரு விந்தைக் காட்சி காணப்பட்டது. திலகரின் ஆதரவு பெற்ற தொண்டர்கள் மதுக்கடைகளின் வாயிலில் நின்று, வருவோரைக் கைகூப்பித் திருப்பியனுப்பினர். வருவாய் குறைவதைப் பொறாத ஆங்கில அரசு, குடியாதே என்று சொன்னவரைக் கைது செய்தது! குடிப்பவனைக் காத்துத் தடுப்பவனைத் தண்டித்த அவ்வேடிக்கையைப் பல்லவ மன்னன் கண்டிருந்தால் மற்றொரு பிரகசனம் எழுதியிருப்பான்.

மராத்தி நாடக மேடை இவ்வெழுச்சியைக் கையிலெடுத்துக் கொண்டது. கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர் 1913இல் 'வித்யாஹரண்' நாடகத்தை அளித்தார். தன் மாணவன் கசனின் சாம்பலை மதுவோடு கலந்து அறியாது பருகிய சுக்கிராசாரியாரின் கதை அது. அடுத்து வந்ததே ராம் கணேஷ் கட்கரியின் 'ஏகச் பியாலா'. 'ஒரே ஒரு கிண்ணம்' என்பது அத்தலைப்பின் பொருள். 1885இல் பிறந்த கட்கரி, புனே பெர்குசன் கல்லூரியில் பயின்றவர். பாலக்ராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கட்டுரைகளும், கோவிந்தாக்ரஜ் என்ற பெயரில் கவிதைகளும் எழுதியவர். 1919 சனவரியில், முப்பத்து நான்கு வயது நிரம்பும் முன்னரே மறைந்தார். நாடகத்துக்குரிய பாடல்களை அவர் எழுதி முடிக்கவில்லையாதலால் விட்டல் சீதாராம் குர்ஜர் அவற்றை எழுதினார். அவ்வாண்டிலேயே கந்தர்வ நாடக மண்டலியார் அதனை அரங்கேற்றினர். பாலகந்தர்வர் சிந்து என்னும் மனைவியாகவும், கணபதிராவ் போடஸ் சுதாகரன் என்னும் கணவனாகவும் நடித்தனர்.

சுதாகரன் கூர்மதி படைத்த இளம் வழக்கறிஞன். நீதிமன்றத்தில் நேர்ந்த அவமானத்தால் மனமுடைந்த வேளையில், அவனது எழுத்தன் தளிராம் ஒரே ஒரு கிண்ணம் என்று நீட்டுகிறான். அவ்வொன்று பலவாகிறது. நாடகத்தின் நகைச்சுவை முழுவதும் இத்தளிராமைச் சுற்றியே சுழல்கிறது. அக்காலத்துச் சீர்திருத்தச் சங்கங்களைப் பார்த்து, இவனும் 'ஆர்ய மதிரா மண்டலம்' என்று குடிகாரருக்கொரு சங்கம் நிறுவுகிறான். கூட்டம், சொற்பொழிவு, கொள்கை விளக்கம் எதற்கும் அங்குக் குறைவில்லை. சங்கம் வைத்து மலர் வெளியிடும் நம்மைப் போன்றோர்க்கு அக்காட்சி சற்று உறுத்தவும் கூடும்! அரங்கம் குலுங்கக் குலுங்க மக்கள் சிரித்தனர். ஆயினும் மேடையின் மறுபுறத்தில் செல்வ மகளாகிய சிந்து தானியம் அரைத்துக் கூலி பெறுகிறாள். கணவனின் வெறியால் கைக்குழந்தை மாள்கிறது. அடிபட்ட அவளும் கணவனைக் காட்டிக் கொடாமலே உயிர் துறக்கிறாள். சுதாகரன் தன் இறுதிக் கிண்ணத்தில் நஞ்சைக் கலந்து பருகி முடிகிறான். கள்ளுண்பார் நஞ்சுண்பாரின் வேறல்லர் என்ற வள்ளுவரின் கருத்து அங்கே காட்சியாகிவிடுகிறது.

கட்கரி இருசுவையையும் ஒரே நாடகத்தில் வைத்ததன் காரணம் யாது? தளிராமைக் கண்டு சிரித்த அதே மக்கள் சிந்துவைக் கண்டு அழ வேண்டும் என்பதே. சிரிப்பும் அழுகையும் வெவ்வேறு கிண்ணங்களில் இல்லை என்று அவர் காட்டினார். ஆனால் காலத்தின் கோலத்தைப் பாருங்கள். மராத்தி மொழியில் தளிராம் என்பது இன்று குடியனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. ஆண்டுதோறும் டிசம்பர் 31 நெருங்கும்போது மராத்தி நாளேடுகளில் அச்சொல் செல்லமாக உலவுவதை நாம் காண்கிறோம். சிந்துவின் பெயர் அவ்வாறு பொதுச்சொல் ஆகவில்லை. நகைப்பை நினைவில் வைத்துக் கண்ணீரை மறந்துவிடுவது மக்கள் இயல்பு போலும்.

தமிழ்நாட்டிலும் இதே கதை நிகழ்ந்தது. 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்று அதில் எழுதியவர் கல்கி. 1936இல் 'பதிபக்தி', 'சதிலீலாவதி' என்னும் இரு திரைப்படங்கள், குடியால் கெட்ட குடும்பத்தின் கதையைக் கூறி வெளிவந்தன. கதை யாருடையது என்பதில் வழக்கும் எழுந்தது. இறுதியில் இரண்டுமே, ஹென்றி உட் அம்மையார் 1860இல் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்னும் ஆங்கில நாவலின் வழிவந்தவை என்பது வெளிப்பட்டது! ஸ்காத்லாந்து மதுவிலக்குக் கழகத்தின் பரிசு பெற்ற கதை அது. குடிக்குத் தாய்மொழி இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? எம்.ஜி. இராமச்சந்திரன் முதன்முதலில் திரையில் தோன்றியது அந்தச் 'சதிலீலாவதி'யிலேதான்.

சட்டங்களின் வரலாறும் நகைச்சுவைக்குக் குறைந்ததன்று. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைக் கொணர்ந்தார். 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் அது பரவிற்று. 1971இல் தளர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் கொணரப்பட்டு, பின்னர் அரசே கடை நடத்தும் நிலை வந்தது. பம்பாய் மாகாணத்திலோ 1949இல் இயற்றப்பட்ட மதுவிலக்குச் சட்டம், குடிப்போர் உரிமச்சீட்டுப் பெற வேண்டும் என்றது. புனேயில் புதிதாக வந்திறங்கும் தமிழர், உணவகங்களின் நெற்றியில் 'பர்மிட் ரூம்' என்ற பலகையைக் கண்டு, ஏதோ அரசு அலுவலகம் என்று எண்ணி மயங்குவதுண்டு. உடல்நலத்தைப் பேணும் பொருட்டு மது அருந்த இசைவு அளிக்கும் சீட்டு அது. கட்டுடல் படைத்த இருபத்தைந்து வயது இளைஞனும் தன் உடல்நலத்துக்காகவே குடிக்கிறான் என்று சட்டம் கருதிக் கொள்கிறது! மராட்டிய மாநிலத்தில் பியர் அருந்த 21 வயதும், வன்மையான மதுவகைகளுக்கு 25 வயதும் நிரம்பியிருத்தல் வேண்டும். வாக்களித்து நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்க 18 வயது போதும். கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்க மேலும் ஏழாண்டு முதிர்ச்சி தேவை. சட்டம் இயற்றியோர் எது கடினமான தேர்வு என்பதை அறிந்தே இருந்தனர் எனலாம்.

இதுவரை சிரித்தோம். இனிச் சிரிக்க இயலாத ஓரிடத்துக்கு வந்து சேர்ந்துள்ளோம்.

2024 மே 19ஆம் நாள், நள்ளிரவு கடந்து சுமார் இரண்டரை மணி. நம் புனேயின் கல்யாணி நகரில், விலையுயர்ந்த போர்ஷே கார் ஒன்று விரைந்து வந்து இருசக்கர வண்டி ஒன்றன்மீது மோதிற்று. அவ்வண்டியில் சென்ற இருவர் மாண்டனர். ஓர் இளைஞர், ஓர் இளம்பெண். இருவரும் மத்தியப் பிரதேசத்திலிருந்து இங்கு வந்து பணிபுரிந்த பொறியாளர். காரை ஓட்டியவன் பதினேழு வயதுச் சிறுவன் என்றும், தேர்வு முடிவைக் கொண்டாட நண்பருடன் மது அருந்தி வந்தவன் என்றும் காவல்துறை குற்றஞ்சாட்டியது. சில மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமம் அவனுக்குப் பிணை அளித்தது. அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று, விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது.

நாடெங்கும் எழுந்தது சிரிப்பு. ஆனால் அது மதுவனத்துச் சிரிப்பன்று. கல்யாணி நகரிலேயே எள்ளலாக ஒரு கட்டுரைப் போட்டியும் நடத்தப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே மூன்று நாள்களில் பிணை ஆணை திருத்தப்பட்டு, அச்சிறுவன் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். அடுத்த மாதம் உயர்நீதிமன்றம் அவனை அங்கிருந்து விடுவித்தது. இதற்கிடையே இரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவர் இருவர் கைது செய்யப்பட்டனர். வழக்கின் நியாயங்களை எடைபோடுவது நம் பணியன்று. ஆயின் கட்டுரை எழுதும் நாம், அந்த 300 சொற்களைப் பற்றிச் சிந்தியாமல் இருத்தல் எவ்வாறு இயலும்?

மாண்ட அவ்விருவரும் யார்? பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காகப் புனே வந்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் அழைப்பார்களா என்று பெற்றோர் காத்திருக்க, இங்கு வாடகை வீட்டில் வாழ்ந்த பிள்ளைகள். அவர்கள் தமிழரல்லர், எனினும் நம் பிள்ளைகளைப் போன்றவர்களே. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கணினிப் பணிக்கு இந்நகர் வந்து சேரும் நம் தங்கை மகனும் அண்ணன் மகளும் அதே சாலையில்தான் இரவு வண்டியில் செல்கின்றனர். மறுபுறம், விடுதி நண்பரோடு கிண்ணத்தைக் கையிலெடுப்பவனும் நம் பிள்ளையாக இருத்தல் கூடும். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணும் துணிவு நமக்கு வேண்டும்.

நம் வீடுகளில் இத்தகைய கதைகள் இல்லாமலில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே செருப்பைத் தேடியவன் கதை, ஒரே அமைப்பிலுள்ள குடியிருப்பில் வீடுமாறிக் கதவைத் தட்டித் தயிர்ச்சோறு கேட்டவன் கதை, நாய்க்கு வணக்கம் சொல்லி வழிகேட்டவன் கதை என்று திருமண வீடுகளில் மாமன்மார் சொல்லச் சொல்ல நாம் சிரிக்கிறோம். சிறுவரும் அருகிலிருந்து கேட்கின்றனர். சிரிப்பது தவறன்று. மகேந்திரனும் கம்பரும் கட்கரியும் சிரித்தவர்களே. ஆனால் அவர்களுள் ஒருவரும் கதையைப் பாதியில் நிறுத்தவில்லை. மதியோடு பேசிய மங்கையைப் பாடிய கம்பர், தலைகுனிந்த சுக்கிரீவனையும் பாடினார். தளிராமைப் படைத்தவர் சிந்துவையும் படைத்தார். நாமோ பாதிக் கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். அன்றிரவு கதவைத் திறந்துவிட்ட தாயின் முகம் எவ்வாறிருந்தது என்பதை யாரும் கூறுவதில்லை. ஈன்றாள் முகத்தெதிரேயும் களித்தல் துன்பம் தருவது என்ற வள்ளுவர் அம்முகத்தைத்தான் கண்டிருந்தார்.

தாம் உண்ணாதபோது, உண்டு களித்த மற்றொருவனைக் காண்பவன், தன் நிலையும் அன்று இவ்வாறுதானே இருந்திருக்கும் என்று எண்ணமாட்டானா என்னும் வினாவோடு வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கிறார். தண்டனை எதனையும் அவர் கூறவில்லை. ஒரு கண்ணாடியை மட்டும் நம் கையில் கொடுத்துச் செல்கிறார். அக்கண்ணாடியைப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்குரிய நேரம் நள்ளிரவன்று. மறுநாட் காலையும், உணவுண்ண ஒன்றாக அமரும் மாலையுமே. முழுக்கதையையும் சொல்லுங்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தே சொல்லுங்கள், சிந்து வரும் இடத்தில் நிறுத்தாமல் சொல்லுங்கள். எந்த நேரமாயினும் வண்டியைத் தொடாதே, எங்களைக் கூப்பிடு, வந்து அழைத்துச் செல்கிறோம் என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். முந்நூறு சொற்களால் மீட்க இயலாத உயிரை, காலத்தில் சொன்ன அவ்வொரு சொல் காத்தல் கூடும்.